எக்ஸ்-மென் 13 படமும் திரும்பப் பார்த்தாச்சு: என்ர வரிசையில முதலாவது எக்ஸ்-2, உங்கட வரிசை என்ன?

உவர்மலையான் எழுதியது:

மாரி பிடிச்சதில இருந்து பின்னேரத்தில வெளிய இறங்க ஏலாது. அந்தச் சாட்டில தம்பியும் நானும் எக்ஸ்-மென் படங்களை வந்த ஒழுங்கிலேயே முதலில இருந்து பார்த்து முடிச்சிட்டம். 2000 இல வந்த முதல் படம் தொடக்கம் 2020 இல வந்த 'த நியூ மியூட்டன்ட்ஸ்' வரைக்கும், ஃபொக்ஸ் எடுத்த 13 படம். டெட்பூல் இரண்டும் அதுக்குள்ள அடக்கம். 2024 இல வந்த 'டெட்பூல் அன்ட் வுல்வரின்' மார்வல் ஸ்டூடியோஸ் எடுத்தது, அது இந்தக் கணக்கில இல்லை.

வரிசைப்படுத்தேக்க நான் ஒண்டைத்தான் பார்த்தன். பிறவியிலேயே விசேச சக்தியுள்ள மியூட்டன்ட் சனத்தின்ர இரண்டு தலைவர்மார் சேவியரும் மக்னீட்டோவும்; அவைக்கு இடையில ஒரு வழக்கு நடக்குது. இரண்டு பேருக்கும் வேண்டியது தங்கட சனம் உயிரோட இருக்கிறது. பொறுமையாப் பழகி, சட்டத்துக்குள்ள நிண்டு வெல்லலாம் எண்டுறார் சேவியர். சாதாரண மனுசர் ஒருநாளும் விடமாட்டாங்கள், நாங்கள் முந்தோணும் எண்டுறார் மக்னீட்டோ. இந்த வழக்கை ஆரின்ர பக்கமும் சாயாமல் எந்தப் படம் நடத்துதோ அது மேல. நகம், நெருப்பு, பறக்கிற பிளேன் எல்லாம் அதுக்குப் பிறகு.

முதல் படத்தில செனட்டர் கெலி எண்டு ஒருத்தர், மியூட்டன்ட் எல்லாரும் பேர் பதியோணும் எண்டு சட்டம் கொண்டுவர நிக்கிறார். வேற நாட்டுப் பொடியன் ஒருத்தன் அதைக் கற்பனைக் கதையாப் பார்த்திட்டுப் போகலாம். எங்களால அப்பிடி ஏலாது. வீட்டில ஆர் ஆர் இருக்கினம் எண்டு எழுதிக் குடுத்து, இரவு தங்க வந்த மாமாவின்ர பேரையும் அறிவிச்சு, ஆமியின்ர ரவுண்டப்பில அந்தப் பட்டியலை வைச்சு ஆள் எண்ணின காலத்தில வளர்ந்த ஆக்கள் நாங்கள். 2007 ஜூனில கொழும்பு லொட்ஜுகளில இருந்த தமிழ்ச் சனத்தைப் பஸ்ஸில ஏத்தி வடக்கு கிழக்குக்கு அனுப்பினதும், அடுத்த நாளே உச்ச நீதிமன்றம் அதுக்குத் தடை போட்டதும் நினைவிருக்கிற ஆக்களுக்கு, அந்த செனட் காட்சியில சேவியர் ஏன் நம்பிக்கையோட இருக்கிறார், மக்னீட்டோ ஏன் எழும்பிப் போறார் எண்டு இரண்டுமே விளங்கும். பஸ்ஸும் உண்மை, தடையும் உண்மை.

2003 இல வந்த எக்ஸ்-2 தான் இந்த வழக்கைக் குசினி மேசைக்குக் கொண்டுவந்த படம். பொபி எண்ட மியூட்டன்ட் பொடியன் தன்ர வீட்டுக்குப் போய் அம்மா அப்பாவுக்கு உண்மையைச் சொல்லுற காட்சியைக் கவனிச்சுப் பாருங்கோ. அம்மாவின்ர கையில தேத்தண்ணிக் கோப்பை. அவன் விரலால தொடுறான், தேத்தண்ணி உறைஞ்சு கட்டியாப் போகுது. அம்மா கேக்கிறா, மியூட்டன்டா இல்லாமல் இருக்க முயற்சி பண்ணிப் பார்த்தியோ எண்டு. அன்பாத்தான் கேக்கிறா, அதுதான் நெஞ்சைப் பிடிக்குது. மேல அறையில இருந்து பொலிசுக்குப் போன் அடிக்கிறது சொந்தத் தம்பி. வெளியில பொலிஸ் துவக்கு நீட்டி நிக்குது, பைரோ எண்ட பொடியன் கார்களைக் கொளுத்துறான். ஒரே வீட்டு வாசலில ஒருத்தன் சேவியரின்ர பக்கம் நிக்கிறான், இன்னொருத்தன் மக்னீட்டோவின்ர பக்கம் போறான். பிரசங்கம் ஒண்டும் இல்லை.

மற்றதுகளைச் சுருக்கமாச் சொல்லுறன். இரண்டாவது 'லோகன்', மூண்டாவது 'டேஸ் ஒஃப் ஃபியூச்சர் பாஸ்ட்', நாலாவது 'ஃபர்ஸ்ட் கிளாஸ்', ஐஞ்சாவது முதல் படம். 'த வுல்வரின்' ஆறு: நாகசாகியில குண்டு விழுற தொடக்கம் அருமை, கடைசியில வாற இரும்பு சாமுராய் தேவையே இல்லை. டெட்பூல் இரண்டும் வேற சாதிப் படங்கள், ஏழும் எட்டும் அதுகளுக்கு. பிறகு 'அபொகலிப்ஸ்', 'த லாஸ்ட் ஸ்டாண்ட்', 'டார்க் ஃபீனிக்ஸ்', 'த நியூ மியூட்டன்ட்ஸ்'. ஆகக் கடைசி 2009 இல வந்த 'ஒரிஜின்ஸ்: வுல்வரின்'. வாய்க்காரன் டெட்பூலின்ர வாயைத் தைச்சு விட்ட படத்துக்கு வேற எந்த இடம் குடுக்கிறது?

சாம்பல்தீவு_தங்கச்சி எழுதியது:

அண்ணா, நான் 2024 படத்தில இருந்து பின்னால போன ஆள். அதைப் பார்த்திட்டு ஆர் இந்த லோகன் (வுல்வரினின்ர பேர்), ஏன் எல்லாரும் அழுகினம் எண்டு தேடித் தேடிப் பார்க்கத் தொடங்கினன். இன்னும் எக்ஸ்-2 பார்க்கேல்லை. இதுவரைக்கும் எனக்கு 'டேஸ் ஒஃப் ஃபியூச்சர் பாஸ்ட்' தான் முதல். பென்டகன் குசினியில குயிக்சில்வர் ஓடுற காட்சியை வீட்டில எல்லாருக்கும் போட்டுக் காட்டினன். துவக்கில இருந்து வந்த குண்டுகள் காத்தில தொங்குது, தண்ணித் துளி தொங்குது, அவன் ஆறுதலாச் சுத்தி வாறான். சூப்பை விரலால தொட்டு ருசி பார்க்கிறான், ஒரு காவலாளியின்ர தொப்பியை எடுத்துத் தன்ர தலையில போடுறான், பிறகு ஒவ்வொரு குண்டையும் விரல் நுனியால கொஞ்சம் தள்ளி விடுறான். பின்னால ஜிம் குரோசியின்ர மெதுவான பாட்டு. உலகம் அவனுக்கு எவ்வளவு மெதுவாப் போகுது எண்டு ஒரு வசனமும் இல்லாமல் விளங்கிச்சு.

எனக்கு ஒரு கேள்வி. கதை நடக்கிற காலப்படி 1962 இல இருந்து பார்க்கவா, படம் வந்த ஒழுங்கில பார்க்கவா? காலப்படி பார்த்தால் குழப்பமாக் கிடக்கு. 'ஃபர்ஸ்ட் கிளாஸ்'ல சேவியருக்கு 1962 லயே கால் போகுது. 'ஒரிஜின்ஸ்'ல 1979 மட்டில அவர் நடந்து வாறார்!

பழைய_கொமிக்ஸ் எழுதியது:

பிள்ளை, வந்த ஒழுங்கிலேயே பாருங்கோ. காலக்கணக்குப் பார்த்தால் இந்தத் தொடர் நிக்காது. மொய்ரா 1962 இல சிஐஏ உளவாளி, 2006 இல வந்த படத்தில அவரே வைத்தியர், வயசும் கூடவில்லை. டிராஸ்க் எண்ட பாத்திரத்துக்கு ஒரு படத்தில நடிகர் பில் டியூக், இன்னொரு படத்தில பீட்டர் டிங்க்லேஜ். 1962, 1973, 1983, 1992 எண்டு நாலு படத்தில முப்பது வருசம் ஓடுது, சேவியரா நடிச்ச மக்கவோயும் மக்னீட்டோவா நடிச்ச ஃபாஸ்பெண்டரும் அப்பிடியே இளமையா நிக்கினம். இப்பிடியான குழப்பங்களைத் திருத்துறதுக்கு எண்டுதான் 2014 படத்தில வரலாற்றையே மாத்தி எழுதிச்சினம். அதுவும் முழுசாப் பலிக்கேல்லை.

நான் சொல்ல வந்தது வேற. இந்தக் கதைகளின்ர வேர் கொமிக்ஸில கிடக்கு, அதைத் தெரிஞ்சால் எந்தப் படம் எங்க சறுக்கிச்சு எண்டு தெரியும். ஸ்டான் லீயும் ஜாக் கேர்பியும் 1963 இல தொடங்கினது. ஆனால் இண்டைக்கு நாங்கள் கதைக்கிற எக்ஸ்-மென் பெரும்பாலும் கிறிஸ் கிளெயர்மொன்ட் எழுதினது. எக்ஸ்-2 க்கு அடிப்படை 1982 இல வந்த 'கோட் லவ்ஸ், மேன் கில்ஸ்'. அதில வில்லன் ஸ்ட்ரைக்கர் ஒரு மதபோதகர், படத்தில அவரை இராணுவக்காரனா மாத்திச்சினம். 'டேஸ் ஒஃப் ஃபியூச்சர் பாஸ்ட்' 1981 கதை. அதில காலத்தால பின்னுக்குப் போறது கிற்றி எண்ட பெண், படத்தில லோகன். லோகனா நடிக்கிற ஹியூ ஜாக்மனை வைச்சுத்தான் தியேட்டர் நிறையும் எண்டு நினைச்சிருக்கினம் போல. எனக்கு அதில வருத்தம் இருக்கு.

பெரிய வருத்தம், தன்ர சக்தியே தன்னை விழுங்கிற ஜீன் கிரேயின்ர கதை. கிளெயர்மொன்டும் ஜோன் பேர்னும் 1980 இல செய்த டார்க் ஃபீனிக்ஸ் கதை இந்தத் துறையின்ர உச்சங்களில ஒண்டு. அதைப் படத்தில இரண்டு தரம் எடுத்து இரண்டு தரமும் வீணாக்கிச்சினம், இரண்டிலயும் எழுத்தில சைமன் கின்பேர்க் இருந்தார். கொமிக்ஸில நாங்கள் ஜீனோட வருசக்கணக்கா வாழ்ந்தாப் பிறகுதான் அவள் உடையிறாள். 2006 இல மியூட்டன்ட் குணத்தை மாத்திற மருந்துக் கதையையும் ஃபீனிக்ஸ் கதையையும் ஒரே படத்துக்குள்ள திணிச்சு, அவளின்ர காதலன் சைக்ளொப்ஸைத் தொடக்கத்திலேயே சாகடிச்சு, ஜீனை மக்னீட்டோவுக்குப் பக்கத்தில பேசாமல் நிக்க விட்டினம். 2019 இல சோஃபி டேர்னரின்ர ஜீனை எங்களுக்கு ஒரு படத்துப் பழக்கம், உடனே அவளுக்காக அழச் சொன்னால் எப்பிடி? உவர்மலையான் தம்பி இந்த இரண்டையும் 'ஒரிஜின்ஸ்'க்கு மேல வைச்சிருக்கிறார். நானெண்டால் 'டார்க் ஃபீனிக்ஸ்'ஐ ஆகக் கீழ வைப்பன். 'ஒரிஜின்ஸ்' கெடுத்தது ஒரு சின்னக் கதையை, இது கெடுத்தது ஒரு பெரிய கதையை.

ரொறொன்ரோ_திருமலையான் எழுதியது:

எனக்கு 'லோகன்' முதலாவது. இரண்டாவதுக்கு ஆளே கிட்டவும் இல்லை.

என்ர அப்பாவுக்கு டிமென்ஷியா. திருகோணமலையில அரசாங்கக் கச்சேரியில வேலை செய்த மனுசன், ஊரில ஆரின்ர காணி எங்க எண்டு மனப்பாடமாச் சொல்லுவார். இப்ப என்னைப் பார்த்து நீ ஆர் எண்டு கேக்கிறார். 2017 இல 'லோகன்' பார்க்கேக்க அது எங்கட வீட்டில தொடங்கேல்லை. போன மாதம் திரும்பப் பார்க்கேக்க வேற படம் பார்த்த மாதிரி இருந்துது.

உலகத்தில ஆகப் பெரிய மூளை எண்டு 17 வருசமாச் சொல்லி வந்த புரொபெசர் சேவியரை, மெக்சிகோவில துருப்பிடிச்ச பழைய தண்ணித் தாங்கிக்குள்ள வைச்சிருக்கினம். லோகன் வாடகைக்கு லிமோசின் ஓட்டி, அந்தக் காசில கள்ளமா மருந்து வாங்கிக்கொண்டு வாறான். மருந்து பிந்தினால் கிழவருக்கு வலிப்பு வரும், வந்தால் சுத்தியிருக்கிற எல்லாருக்கும் மூச்சு நிக்கும். கிழவர் அவனைத் திட்டுறார், அவனும் கிழவரைத் திட்டுறான், திட்டித் திட்டியே தூக்கிக்கொண்டு படியேறிக் கட்டிலில கிடத்துறான். பராமரிக்கிற ஆக்கள் அப்பிடித்தான். படத்தில வழமையாக் காட்டுற மாதிரி சிரிச்ச முகத்தோட ஆரும் செய்யிறேல்லை.

அந்தப் பண்ணை வீட்டு இரவு. சேவியர் கட்டிலில கிடந்து, கனகாலத்துக்குப் பிறகு எனக்கு ஒரு நல்ல இரவு கிடைச்சுது எண்டு சொல்லுறார். பிறகு தான் என்ன செய்தவர் எண்டு நினைவு வருது, தனக்கு இந்த இரவு தகாது எண்டுறார். எதிரில நிக்கிறது லோகன் எண்டு நினைச்சுத்தான் கதைக்கிறார். நிக்கிறது லோகன் இல்லை. அதுக்கு மேல எழுத எனக்கு ஏலாது, பார்த்த ஆக்களுக்குத் தெரியும்.

இந்தப் படத்தின்ர திரைக்கதை ஒஸ்கார் பரிந்துரைக்குப் போனது. எனக்கு அதைவிட முக்கியம், ஒரு சூப்பர் ஹீரோ படம் எங்கட அப்பாமாரைக் காட்டினது.

கிண்ணியா_நானா எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். ரொறொன்ரோ தம்பி, உங்கட வாப்பாவுக்காக துஆ செய்றன்.

உவர்மலையான் தம்பி எழுதினது எல்லாம் வாசிச்சன். எக்ஸ்-2 தான் முதல் எண்டதில எனக்கும் அதே முடிவு. அந்தப் படத்தை நாங்க பாலம் வர முந்தின காலத்தில பார்த்தது. கிண்ணியாவில இருந்து பாதைப் படகில ஏறித் துறையைக் கடந்து, டவுனுக்கு வந்து டிவிடி எடுத்துக்கொண்டு போற நாள். ஆனா நீங்க சொன்ன காரணத்துக்கு அங்கால இன்னொண்டு இருக்கு, அதைச் சொல்லாமப் போக மனசு வரல்ல.

கடைசிப் பகுதியை நினைச்சுப் பாருங்க. உலகத்தில உள்ள மியூட்டன்ட் எல்லாரையும் ஒரே நேரத்தில கொல்லுறதுக்கு ஸ்ட்ரைக்கர் ஒரு மிஷின் கட்டுறான், அதுக்குள்ள சேவியரைக் கட்டி வைக்கிறான். மியூட்டன்ட் எல்லாரும் வலியில விழுந்து துடிக்கிறாங்க. மக்னீட்டோ உள்ள வாறார். அவருக்கு இரும்பு கைப்பிள்ளை, ஒரு விரலை அசைச்சா அந்த மிஷினையே நொறுக்கிப் போட்டிருக்கலாம். அவர் நொறுக்கல்ல. சுவரில உள்ள தகடுகளை நிதானமா இடம் மாத்தி வைக்கிறார். எந்த ஆள்ட உருவமும் எடுக்கக்கூடிய மிஸ்டிக் போய்ப் புது உத்தரவு சொல்றா. இப்ப அதே மிஷின் மனிசர் எல்லாரையும் கொல்லத் தொடங்குது. பிறகு அவர் திரும்பிப் பார்க்காமப் போறார்.

என்ட உம்மாட சொந்தக்காரக் குடும்பம் யாழ்ப்பாணம் சோனகத் தெருவில இருந்தவங்க. 1990 ஒக்டோபர்ல முஸ்லிம் ஆக்கள் வெளியேறுங்க எண்டு புலிகள் இயக்கம் சொல்லி, இரண்டு மணித்தியாலம் குடுத்தாங்க. உடுத்த உடுப்போட புத்தளத்துக்குப் போனாங்க. நீங்க எழுதின பட்டியலும் ரவுண்டப்பும் பஸ்ஸும் எங்களுக்கும் தெரியும், நாங்களும் அதே செக் பொயின்டில நிண்டவங்க. ஆனா எங்க ஆக்கள் அந்தக் கடைசிக் காட்சியைப் பார்க்கிறது தகட்டுக்கு மற்றப் பக்கத்தில இருந்து. மக்னீட்டோட கோபத்தில ஒரு எழுத்துப் பிழையும் இல்ல, அவர் சின்ன வயசில வதை முகாம் வாசலில உம்மா வாப்பாவைப் பறிகொடுத்தவர். அதைச் சொல்லிப்போட்டும் அவர் செய்ததைக் காட்டின படம் அது. அதனாலதான் எனக்கு முதலாமிடம்.

உவர்மலையான் எழுதியது:

நானா, நீங்கள் எழுதினதை இரவு வாசிச்சிட்டு அந்தக் காட்சியைத் திரும்பப் போட்டுப் பார்த்தன். தகடுகள் நகருற அந்தச் சில நொடியில பின்னணி இசையும் பெரிசா உறுமேல்லை. எவ்வளவு நிதானம் அந்த மனுசனிட்ட. நாங்கள் பொடியளா இருக்கேக்க மக்னீட்டோவுக்குக் கை தட்டின இடம் வேற ஒண்டு. பிளாஸ்ரிக் சிறையில, காவலாளியின்ர இரத்தத்தில இருந்து இரும்பை உறிஞ்சி எடுத்துத் தப்புவார். அந்தக் கைதட்டலைத் தந்த அதே படம்தான் இந்தக் காட்சியையும் எங்களுக்கு முன்னால வைக்குது. ஊரில இதைப் பற்றி இரண்டு பக்கமும் இருந்து கதைக்கிறது குறைவு. இதை இங்க எழுதினதுக்கு நன்றி நானா.

இதே கண்ணோட 'ஃபர்ஸ்ட் கிளாஸ்'ஐயும் பார்க்கலாம். எரிக்கின்ர (மக்னீட்டோவின்ர சொந்தப் பேர்) அம்மாவைச் சுட்ட ஷோ, கடைசியில அசையாமல் நிக்கிறான். அவனை அசைய விடாமல் மனசால பிடிச்சு வைச்சிருக்கிறது சேவியர். எரிக் அந்தப் பழைய நாணயத்தை மெள்ள மெள்ள அவன்ர நெத்தியால செலுத்துறான். ஷோவுக்குச் சத்தம் வராது. அங்கால பிளேனுக்குள்ள சேவியர் கத்துறார், நாணயம் தன்ர தலைக்குள்ளால போற மாதிரி. பிடியை விட்டால் ஷோ எல்லாரையும் கொல்லுவான், விடாட்டில் நண்பன் செய்யிற கொலையின்ர வலி முழுக்கத் தனக்கு. மாத்யூ வோன் இதை ஒரே அசைவில எடுத்திருக்கிறார். நாணயம் ஒரு பக்கத்தால போய் மற்றப் பக்கத்தால வருது.

பழைய கொமிக்ஸ் அண்ணை, 'டார்க் ஃபீனிக்ஸ்' விசயத்தில நீங்கள் சொல்லுறது நியாயம். ஆனால் 'ஒரிஜின்ஸ்' தான் இன்னும் கடைசி. 'டார்க் ஃபீனிக்ஸ்'ல ஹான்ஸ் சிம்மரின்ர இசை எண்டாலும் இருக்கு.

பழைய_கொமிக்ஸ் எழுதியது:

இசைக்கு ஒரு இடம் குடுக்கலாம், ஏற்கிறன். ஆனால் 'அபொகலிப்ஸ்'ஐப் பற்றி ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை, அது சரியில்லை. வில்லனை விடுங்கோ, ஒஸ்கார் ஐசக்கை நீலப் பூச்சுக்குள்ள புதைச்சுப் போட்டினம். ஆனால் போலந்துக் காட்டுக் காட்சி? எரிக் வேற பேரில, ஆலையில வேலை செய்து, மனுசியோடயும் மகளோடயும் ஒதுங்கி வாழுறான். பொலிஸ் தேடி வருது. அவன்ர சக்தி தெரிஞ்சு இரும்பு ஒண்டும் இல்லாமல், வில்லும் அம்புமா வருகினம். மகள் பயந்து கத்த, காட்டுப் பறவையெல்லாம் எழும்பி வருது, பதட்டத்தில ஒருத்தன்ர கையில இருந்து அம்பு விடுபடுது. ஒரே அம்பு தாயையும் மகளையும் துளைக்குது. சேவியரின்ர வழியில அவன் போய்ப் பார்த்தான் எண்டுறதை இந்த ஒரு காட்சிதான் முழுசாச் சொல்லுது. மிச்சப் படம் அதுக்குத் தகுதியில்லாமல் போச்சு.

சாம்பல்தீவு_தங்கச்சி எழுதியது:

எக்ஸ்-2 பார்த்திட்டன்! அண்ணாவும் நானாவும் சொன்ன இரண்டு காட்சியும் அப்பிடியே. எனக்கு இன்னொண்டும் பிடிச்சுது. ஆரின்ர உருவமும் எடுக்கலாம் எண்டால் எப்பவும் மற்ற ஆக்கள் மாதிரி இருக்கலாமே எண்டு நீலத் தோலோட பிறந்த நைட்குரோலர் மிஸ்டிக்கைக் கேக்கிறார். அப்பிடி இருக்கோணும் எண்டு எங்களுக்கு ஏன் விதி எண்ட மாதிரி அவ பதில் சொல்லிட்டுப் போறா. கொழும்பில படிக்கேக்க பஸ்ஸில தமிழில கதைக்காதை எண்டு அக்காவுக்கு வீட்டில சொல்லி அனுப்பினது ஞாபகம் வந்துது.

ஆனாலும் 'டேஸ் ஒஃப் ஃபியூச்சர் பாஸ்ட்' தான் எனக்கு முதல். குயிக்சில்வருக்காகச் சொல்லேல்லை. நீங்கள் எல்லாரும் சேவியர், மக்னீட்டோ எண்டே கதைக்கிறியள். அந்தப் படத்தில முடிவு மிஸ்டிக்கின்ர கையில. ரோபோ செய்யிற டிராஸ்க்கை அவ சுட்டால் சென்டினல் ரோபோக்கள் வந்து எதிர்காலம் அழியும். மக்னீட்டோ அவவைக் கொல்லப் பார்க்கிறார், சேவியர் அவவின்ர மனசுக்குள்ள புகுந்து தடுக்கப் பார்க்கிறார். இரண்டு பேரும் அவவிட்டக் கேக்கேல்லை. கடைசியில வெள்ளை மாளிகைக்கு முன்னால துவக்கு நீட்டி நிக்கேக்க சேவியர் முதல் தரமா அவவை விட்டுடுறார், நீயே முடிவெடு எண்டு. அவ துவக்கைப் போடுறா. கிண்ணியா நானா சொன்ன மிஷினுக்குப் புது உத்தரவு சொன்ன அதே மிஸ்டிக்தான் இந்தப் படத்தில கொல்லாமல் விடுறா.

கிண்ணியா_நானா எழுதியது:

மகள், நல்லாச் சொன்னீங்க. நான் அந்தப் படத்தை அப்பிடி யோசிச்சதில்ல. இரண்டாமிடம் குடுக்கிறன்.

உவர்மலையான் எழுதியது:

நானும் அதை 'லோகன்'க்கு மேல ஏத்துறன் தங்கச்சி. எக்ஸ்-2, 'டேஸ் ஒஃப் ஃபியூச்சர் பாஸ்ட்', பிறகு 'லோகன்'. ரொறொன்ரோ அண்ணை கோவிக்கக்கூடாது. 'லோகன்'ல அந்த வழக்கு இல்லை, அது முடிஞ்சு போச்சு. மக்னீட்டோ ஆளே இல்லை.

ரொறொன்ரோ_திருமலையான் எழுதியது:

தம்பி, அதை நான் ஏற்கமாட்டன். வழக்குப் பேசின இரண்டு பேரும் போனாப் பிறகு பிள்ளையளுக்கு என்ன மிச்சம் எண்டு கேட்ட ஒரே படம் 'லோகன்'. லோரா எண்ட சிறுமியையும் மற்றப் பிள்ளையளையும் ஆய்வுகூடத்தில ஆயுதமா வளர்த்தினம். நேர்ஸ்மார் ஒளிச்சுக் கொண்டுவந்து விட்டினம். துவக்கோட துரத்திற ஆக்கள் பின்னால, ஒண்டுக்கொண்டு கையைப் பிடிச்சுக்கொண்டு காட்டுக்குள்ளால ஓடுதுகள். எந்த எல்லையைக் கடக்க ஓடுதுகள் எண்டு கவனிச்சனீங்களோ? கனடா. நான் இஞ்ச வந்திறங்கேக்க எனக்கும் அந்த வயசுதான், அப்பாவின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு வந்தனான். நீங்கள் மூண்டாமிடத்தில வையுங்கோ, என்ர வரிசையில அது அசையாது.